தொப்பியில் ஒரு துண்டுப் பித்தளை

ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பித்தளைக்குப் பொல்லாத காலம். தேய்த்துப் பளபளக்க வைத்தது இரண்டொரு நாளிலேயே மங்கத் தொடங்கும். மலையேற்ற முகாமுக்கு வரும் என்.சி.சி. மாணவர்களின் தொப்பி பேட்ஜில் எனக்குப் பிடித்ததே அந்தத் தேய்ப்புதான். கிழிந்த பனியன் துணியில் பிராஸோ இரண்டு சொட்டு. மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி. வட்ட வட்டமாகத் தேய்க்கத் தேய்க்கத் துணி கறுக்கும், பித்தளை வெளுக்கும். நடுவிலுள்ள எழுத்துகளைச் சுற்றி ஓடும் தாமரை வளையத்தின் இடுக்குகளில் வெள்ளைப் பொடி தங்கிவிடும். அதைப் பழைய டூத் பிரஷால் தட்டி எடுப்பதில்தான் கைப்பக்குவம் தெரியும். பிராஸோ தீர்ந்துவிட்டால் இருக்கவே இருக்கிறது, குத்துவிளக்குக்குப் போடும் புளி.

பேட்ஜ் மோகம் நமக்கு மட்டும் உரியதல்ல. சோவியத் நாட்டில் 1967-இல் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகள் காட்டிலும் மேட்டிலும் ஆடிய ‘ஸர்னீத்ஸா’ போர் விளையாட்டின் பேட்ஜ்களை இன்றும் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. வண்ணம் பூசிய மெல்லிய அலுமினியம். நிறம் உதிராமல் இருந்தால்தான் மதிப்பு. நம் பித்தளைக்குக் கணக்கே வேறு. இங்கே தேய்மானம்தான் அழகு. அண்ணன் போட்டுத் தம்பிக்கு வந்த பேட்ஜில் இதழ்களின் விளிம்பு மழுங்கி, கட்டை விரலுக்கு வழவழவென்று இருக்கும். சிவப்பு இறகுக் குஞ்சத்தோடு தொப்பியில் ஏறும்போது அதற்கென்று ஒரு மிடுக்கு. தேய்க்கவே வேண்டாத பூச்சு பேட்ஜ்களும் வந்துவிட்டன. நேரம் மிச்சம்தான், ஆனால் அணிவகுப்புக்கு முதல் நாள் ராத்திரி நாலு பேர் கூடி உட்கார்ந்து தேய்க்கிற அரட்டை அதோடு வராது.