சோழியும் காசும்

சோழியே உலகின் முதற் காசு என்றும், சீன அரசி ஃபூ ஹாவ் தம் பணத்தைக் கல்லறைக்குள்ளும் கொண்டு சென்றார் என்றும் எழுதுவோர் பலர். பள்ளிப் பாடங்களிலும் இக்கூற்றுத் தலைகாட்டுவதுண்டு. கேட்பதற்கு இனியது, சான்றோ அத்துணை உறுதியுடையதன்று.

அன்யாங் நகரருகே 1976-இல் அகழப்பட்ட அக்கல்லறை கள்வர் கை படாதது. சாங் மன்னன் ஊ திங்கின் மனைவியருள் ஒருவரும் படை நடத்தியவருமாகிய அவ்வரசி, கி.மு. 1200-ஐ ஒட்டி அங்கே அடக்கம் செய்யப்பட்டார். வெண்கலக் கலங்கள், ஜேட் எனும் பச்சைக்கல் அணிகள் ஆகியவற்றோடு 6,800-க்கு மேற்பட்ட சோழிகளும் கிடைத்தன. வெப்பக் கடலில் வாழும் சோழி, கடலற்ற உள்நாட்டுக்கு வந்து சேர்ந்ததே பெரிது.

காசென்போர் முதலிற் காட்டுவது சீன எழுத்தை. வாங்குதல், செல்வம் என்பவற்றைக் குறிக்கும் எழுத்துகளில் சோழியின் வடிவம் உறுப்பாக நிற்கின்றது. மெய்தான். ஆயினும், பரிசளித்தல், வாழ்த்துதல் என்பவற்றின் எழுத்துகளிலும் அதே உறுப்பு உண்டே! அதனை ஏன் சொல்லாது விடுதல் வேண்டும்? சாங் காலத்து வெண்கலப் பொறிப்புகள் மன்னன் சோழி வழங்கியதைக் கூறுகின்றன. அது கொடை, விலையன்று.

பச்சைக்கல்லுக்கு 80 சரம் சோழி என மதிப்பிட்ட பொறிப்பொன்றும் 1975-இல் கிடைத்தது. வலிய சான்றே அது. ஆனால், அரசிக்கு இரண்டு நூற்றாண்டுகளேனும் பிற்பட்ட மேலைச் சௌ காலத்தது. பேரன் பழக்கத்தைப் பாட்டியின் மேல் ஏற்றுதல் முறையாகாது. வங்காளத்தில் 19-ஆம் நூற்றாண்டு வரை மாலத்தீவுச் சோழி செலாவணியாயிருந்த செய்தியும் இம்மயக்கத்திற்குத் துணை செய்தது போலும்.

அன்யாங்கின் எளியோர் குழிகளை இவர்கள் பார்ப்பதேயில்லை. அங்கே இறந்தோர் வாயிலும் கையிலும் ஒன்றிரண்டு சோழிகளே உள்ளன. எதனை வாங்குதற்கு? தமிழரும் இறந்தவர்க்கு வாய்க்கரிசி இடுகின்றனர். நெற்றியிற் காசு வைக்கின்றனர். அக்காசு கடைக்குச் செல்வதற்கென்று எவரும் கொள்வதில்லை. மேலும், எலும்பிலும் கல்லிலும் சோழி போலச் செய்து புதைத்த வழக்கமும் பழஞ்சீனத்தில் இருந்தது. அவற்றைக் கள்ளக்காசு என்று சொல்லிவிடலாமா?

பாடத்தில் ‘பணம்’ என்பதை நீக்கி ‘அரிய கடற்பொருள்’ என்று திருத்தினாற் போதும். பல்லாங்குழிச் சோழி ஒன்றை மாணவர் கையிற் கொடுத்து, மற்றவற்றை ஆசிரியர் விளக்கலாம்.