குரலை மறைக்கும் வித்தை

ஸோல்ஜெனிட்ஸினின் 'முதல் வட்டம்' நாவலைப் படித்த நண்பர்கள் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். இயந்திர விவகாரம் அதிகமாம்; பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருக்கிறதாம். நான் நேர்மாறாக நினைக்கிறேன். இயந்திரத்தை எடுத்துவிட்டால் அது மற்றொரு சிறைக் கதை, அவ்வளவுதான்.

அந்த இயந்திரம் செய்யும் வேலை குன்னத்துப் பக்கத்து விவசாயிக்குப் புதிதல்ல. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை அவன் பார்த்திருக்கிறான். சுற்றிலும் நூறு பேர் நிற்பார்கள். விலை இருவருக்குத்தான் தெரியும். வானொலியில் பேசுகிறவனுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. அவன் பேச்சு நாலு திசையிலும் போகிறது. அதற்கும் ஒரு துண்டு வேண்டும் என்று தேடினார்கள்.

முதலில் கிடைத்த துண்டு மிகவும் மெல்லியது. குரலின் தாழ்ந்த ஒலியை உயர்ந்ததாகவும், உயர்ந்ததைத் தாழ்ந்ததாகவும் புரட்டிப் போட்டார்கள். விநாடிக்கு 300 அதிர்வுள்ள ஒலி 3,000 ஆகும். 3,000 உள்ளது 300 ஆகும். கேட்கிற பக்கத்தில் மறுபடி புரட்டினால் பேச்சு திரும்பி வரும். நடுவில் ஒட்டுக் கேட்பவனுக்கு வெறும் கொக்கரிப்பு. ஆனால் பேச்சின் தாளமும் நிறுத்தமும் மாறுவதில்லை. பழகிய காது அர்த்தத்தைப் பிடித்துவிடும். இதைத்தான் வெகுகாலம் வாக்கி-டாக்கிகளில் வைத்து, ரகசியம் என்று விற்றார்கள்.

பிறகு குரலை ஐந்து பட்டைகளாக அறுத்து இடம் மாற்றினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பேசியது இந்த ஏற்பாட்டில்தான். ஜெர்மன் தபால் இலாகா எஞ்சினியர்கள் அதை அவிழ்த்துக் கேட்டார்கள். 1943-ல் அமெரிக்கர்கள் குரலை எண்களாக்கி, இசைத்தட்டில் பதிந்த சாவியோடு கலந்து அனுப்பினார்கள். ஸிக்ஸாலி என்ற அந்தக் கருவியை யாரும் உடைக்கவில்லை. ஆனால் ஒரு நிலையத்துக்கு 50 டன்னுக்கு மேல் எடை! இன்று சட்டைப் பைக்குள் அடங்கும் பெட்டியே அதைவிட நன்றாகச் செய்கிறது. பழைய கருவிகள் பொருட்காட்சிக்குப் போய்விட்டன.

அந்தப் பழைய வித்தையின் நடுவில்தான் நாவல் நடக்கிறது. இடம், மாஸ்கோவை அடுத்த மார்ஃபினோ. காலம், 1949 டிசம்பர். ஸ்டாலினுக்கு ரகசிய டெலிபோன் வேண்டும். செய்பவர்கள் கைதிகள். ஆசிரியரே 1947 முதல் 1950 வரை அங்கே கைதியாக இருந்தவர். வெறும் அசைகளைப் படித்துக் காட்டி, எத்தனை காதில் விழுந்தன என்று எண்ணுகிற சலிப்பான வேலையைக்கூட அவர் ருசியாக எழுதுகிறார். செய்தவனுக்குத்தான் அது வரும்.

கதையின் முடிச்சு இதுதான். ஓர் அதிகாரி பொது டெலிபோனிலிருந்து எச்சரிக்கை ஒன்று சொல்கிறான். போலீஸ் அதைப் பதிவு செய்துவிடுகிறது. பேசியவன் யார்? குரலை மறைக்க உழைத்த ரூபினிடமே கேள்வி வருகிறது. மறைக்கத் தெரிந்தவனுக்குக் கண்டுபிடிக்கவும் தெரியும். இரண்டும் ஒரே படிப்பு. குரலைப் படமாக்கிப் பார்த்து, சந்தேகப்பட்டவர்களில் இருவர்வரை ரூபின் வந்துவிடுகிறான். மேலதிகாரி இருவரையும் பிடிக்கச் சொல்கிறான். ஒருவன் நிரபராதி என்பது அங்கே ஒரு பொருட்டே அல்ல.

ரூபின் கெட்டவன் அல்ல. நண்பர்களிடம் பிரியமுள்ளவன், பன்மொழி அறிந்தவன், தன்னைச் சிறையில் போட்ட அரசிடமே விசுவாசமுள்ளவன். புது சாஸ்திரம் ஒன்று பிறக்கிறது என்ற ஆனந்தத்தில் வேலை செய்கிறான். அந்த ஆனந்தத்தை நாமும் அநுபவிக்கும்படி ஆசிரியர் எழுதிவிடுகிறார். கைது நடக்கும்போது நமக்கும் அதில் பங்கு இருப்பதுபோல் கூசுகிறது. ரகசிய எழுத்து வேலைக்கு வர மறுத்து, வசதியை விட்டு முகாமுக்குப் போகிற நெர்ஷின் உத்தமன்தான். ஆனால் என் மனசில் நிற்பவன் ரூபின்.

ஸ்டாலின் வருகிற அத்தியாயங்கள் சோடை. வெறுப்பு ஏளனத்தோடு நின்றுவிடுகிறது, பாத்திரம் உருவாகவில்லை. கைதியின் மேஜையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர், சர்வாதிகாரியின் அறையை ஊகத்தில் எழுதினார். வித்தியாசம் தெரிகிறது.

நமக்கு இதில் பாடம் உண்டு. நம் நாவல்களில் மனிதர்கள் காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். என்ன உத்தியோகம் என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. வேலை ஒருவன் மனசாட்சியை என்ன செய்கிறது என்று விசாரிப்பது அபூர்வம். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியத் துருப்புகள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கின. அவர்களுடைய வானொலிப் பேச்சை ஒட்டுக் கேட்டிருந்த புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். வந்தவர்களில் அநேகர் திரும்பவில்லை. அன்று காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், குரலுக்குரியவர்கள் இறந்ததையும் அதே கருவியில் கேட்டிருப்பானோ? கேட்டிருந்தால் அன்றிரவு சாப்பிட்டானா, தூங்கினானா? வீரத்தையும் துரோகத்தையும் பற்றி எவ்வளவோ படித்தாயிற்று. நான் படிக்க விரும்புவது அந்தக் காதின் கதையை.