வாழைத்தோப்பில் ஓர் ஆய்வுக்கூடம்

பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை ஒன்று போகிறது. மாலை ஏழேகால் மணி வாக்கில் அதில் நடந்தால், முதலில் மறைவது நிறம். வேர்கள் கரிக்கோடாகும், சேறு ஈயத்தகடாக மின்னும். கறுப்பு வெள்ளைத் திகில் படங்களின் ருசி இருட்டிலா இருக்கிறது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும். ருசி முழுவதும் அந்த மிச்ச வெளிச்சத்தில்தான்.

இத்தாலியில் 1957இல் வெளியான 'இ வாம்பிரி' இதற்கு நல்ல சாட்சி. இளம்பெண்களின் ரத்தத்தை எடுத்துக் கிழட்டுச் சீமாட்டிக்கு இளமை ஏற்றுகிறார் ஒரு விஞ்ஞானி. திடீரென்று அவள் முகம் நம் கண்ணெதிரே, வெட்டே விழாத ஒரே காட்சியில் சுருங்கி மூப்படைகிறது. எப்படி? நடிகை ஜான்னா மரியா கனாலேயின் முகத்துச் சுருக்கங்கள் வண்ண மையால் வரையப்பட்டவை. சிவப்பு மைக்குச் சிவப்பு விளக்கு போட்டால் கோடு தெரியாது. பச்சை விளக்குக்கு மாற்றினால் கறுத்து எழும்பும். படச்சுருளுக்கோ நிறமே தெரியாது என்பதால், விளக்கு மாறியதைப் பார்ப்பவர் அறியமாட்டார். ஹாலிவுட் 1931இலேயே கையாண்ட வித்தைதான். ஆனாலும் ஒளிப்பதிவாளர் மாரியோ பாவாவின் கையில் அது மந்திரமாகிவிட்டது. வண்ணப்படத்தில் இது நடக்கவே நடக்காது.

அதே ஆண்டு ஏப்ரல் 27. சிங்கப்பூர் கேத்தே திரையரங்கில் 'பொந்தியானாக்' திரையேறியது. கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் மலாய்ப் படம்; இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ்.

பொந்தியானாக் என்ற கம்பத்து வாழைத்தோப்புப் பேயின் கதைக்குள் ஒரு விஞ்ஞானியும் இருக்கிறார். கூன் விழுந்த சோமெலை வளர்க்கும் முதியவர் மூலிகை ஆராய்பவர். சாகும்போது தன் ஏடுகளை எரித்துவிடச் சொல்கிறார். அவள் எரிக்கவில்லை, படித்து, மருந்து காய்ச்சிக் குடித்து அழகியாகிறாள். மரியா மெனாடோதான் சோமெல். ஒரே நிபந்தனை: ரத்தம் நாவில் படக்கூடாது. கணவனைப் பாம்பு தீண்டுகிறது. உயிரைக் காக்க விஷத்தை உறிஞ்சுகிறாள். அந்த ரத்தமே அவளைப் பேயாக்குகிறது.

ஜார்ஜ் ஃபிரான்ஜு 1960இல் எடுத்த பிரெஞ்சுப் படத்தில், மகளின் சிதைந்த முகத்துக்காகப் பிற பெண்களின் முகத்தோலை உரிக்கிறார் ஓர் அறுவை மருத்துவர். எடித் ஸ்கோப் அணிந்த அசைவற்ற வெள்ளை முகமூடி மறக்கமுடியாதது. இருந்தும் கதையளவில் சோமெலே மேல். ஐரோப்பிய மருத்துவர்கள் பிறர் உடலை அறுத்தார்கள். இவள் சோதித்தது தன் உடலை, தோற்றதோ அன்பினால். சோதனைக்குழாயும் மின்பொறியும் இல்லாமலேயே, அளவுமீறிய அறிவின் பயங்கரத்தை ஒரு குடிசைக்குள் காட்டிவிட்டார்கள்.

'பொந்தியானாக்' படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. அதைத் தொடர்ந்து ராவ் 1958இல் எடுத்த 'சும்பா பொந்தியானாக்' பிழைத்திருக்கிறது. எஞ்சிய 91 கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்களின் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இவற்றைப் பேணுகிறது. அடுத்த முறை எங்காவது திரையிட்டால், கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் அரங்குக்குப் போய்ப் பாருங்கள்.