வட்டத் திரையில் வண்ணம்: பழைய கலர் டிவியை ரசிக்கும் விதம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், புளூமிங்டன் நகரில் இருந்த ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஆலை 1954 மார்ச் 25 அன்று சி.டி.-100 என்ற கலர் டிவியைச் செய்யத் தொடங்கியது. விலை 1000 டாலர். படக்குழாய் 15 அங்குலம் என்றாலும் படம் தெரியும் அகலம் ஏறத்தாழ பதினொன்றரை அங்குலம்தான். அவ்வளவு பணம் கொடுத்து இவ்வளவு சின்னப் படம் பார்க்க அதிகம் பேர் முன்வரவில்லை. ஆகஸ்டிலேயே விலை 495 டாலருக்கு இறங்கியது. மொத்தம் செய்யப்பட்டவை ஏறத்தாழ 4,400 பெட்டிகள். அதற்குப் பின் வந்த 21 அங்குலப் பெட்டிகள் அறுபதுகளின் நடுப்பகுதி வரை வீடுகளை ஆண்டன. அவற்றின் படக்குழாய் முகம் வட்டமானது. அதனால் படத்தின் இரு ஓரமும் வளைந்து, மேலும் கீழும் மட்டும் நேராக நறுக்கியதுபோல் இருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றைச் செல்லமாக ‘ரவுண்டி’ என்பார்கள். பழைய கலர் டிவியை மீட்டு உயிர்ப்பிக்கிறவர்களின் உழைப்பில் பெரும்பங்கு சி.டி.-100-க்கும் இந்த ரவுண்டிகளுக்குமே போகிறது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் முன்னே உட்கார்ந்தால், மங்கலான படம் ஓடும் பெரிய மரப்பெட்டி மட்டுமே கண்ணில் படும்.

முதல் வேலை அறையின் விளக்கை அணைப்பது. சுவிட்சைப் போட்டதும் படம் வராது. உள்ளே வால்வுகளின் இழைகள் சூடேற வேண்டும். முதலில் ஒலி வரும், பிறகு திரையில் மெல்ல வெளிச்சம் ஊறும். அந்த வெளிச்சம் குறைவாக இருப்பதற்குக் குழாயின் அமைப்பே காரணம். குழாயின் கழுத்தில் மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகள் இருக்கின்றன. திரைக்குச் சற்று முன்னால் நுண்துளைகள் போட்ட மெல்லிய உலோகத் தகடு ஒன்று நிற்கிறது. மூன்று கற்றைகளும் ஒரே துளைக்குள் மூன்று கோணங்களில் நுழைந்து, ஒன்று சிவப்புப் புள்ளியிலும், ஒன்று பச்சையிலும், ஒன்று நீலத்திலும் போய் விழுகின்றன. தவறான புள்ளியில் விழக்கூடிய எலக்ட்ரான்களைத் தகடு தன் நிழலால் மறைத்துவிடும். மறைத்தே பெரும்பகுதியைத் தின்றும்விடும். ஐந்தில் ஒரு பங்குகூடத் திரைக்குப் போய்ச் சேர்வதில்லை. பகல் வெளிச்சத்தில் இந்தப் படத்தைக் குறை சொல்வது அகல் விளக்கை வெயிலில் வைத்துப் பார்ப்பது போன்றது.

இருட்டில் கண் பழகியதும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்றைத் திரையருகே பிடித்தால், முகம் மறைந்து மும்மூன்றாகக் கோத்த வண்ணப் புள்ளிகள் மட்டும் தெரியும். சி.டி.-100-இல் உள்ள 15-ஜி.பி.-22 குழாயில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஏறத்தாழ இரண்டு லட்சம் புள்ளிகள். இந்தக் குழாய்க்கு வேறெதிலும் காணாத ஓர் அழகு உண்டு. புள்ளிகள் முகக் கண்ணாடியின் மேல் பூசப்படவில்லை. உள்ளே தனியாக நிற்கும் தட்டையான கண்ணாடித் தகட்டின் மேல் இருக்கின்றன. வளைந்த முகக் கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால், மீன்தொட்டிக்குள் வைத்ததுபோல் படம் தெரியும். புள்ளிகளை நேரே வளைந்த முகத்திலேயே பூசும் முறையை சி.பி.எஸ். நிறுவனம் கொண்டுவந்ததும் எல்லோரும் அதற்கு மாறினார்கள். அதற்குப் பிறகு இந்த ஆழம் திரும்ப வரவில்லை.

கலர் டிவியின் தரத்தைச் சோதிக்கக் கறுப்பு வெள்ளைப் படத்தைவிடக் கடுமையான சோதனை கிடையாது. மூன்று கற்றைகளும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் வெள்ளைக் கோடு வெள்ளையாக நிற்கும். பிசகினால் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசியும். சிவகாசிக் காலண்டரில் நிறம் விலகி அச்சாகி, உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அச்சகத்தில் ஒருமுறை சரிசெய்துவிட்டால் ஆயிரக்கணக்கான தாள் ஓடும். டிவியிலோ மூன்று கற்றைகளும் திரையின் நடுவிலும், நான்கு மூலைகளிலும், இடைப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் விநாடிக்கு ஏறத்தாழ அறுபது முறை ஒன்றுசேர வேண்டும். இதற்கென ரவுண்டிகளில் ஒரு டஜன் திருகுகள் கொண்ட தனிப் பலகையே உண்டு. திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகளை வரவழைத்து, ஒன்றைத் திருகினால் இன்னொன்று நகர, மறுபடி முதலாவதுக்கே திரும்பி, மணிக்கணக்கில் செய்யும் வேலை இது. மூலை நான்கிலும் முழு ஒற்றுமை எந்த வட்டக்குழாயிலும் வராது. நடுவில் துல்லியமும் ஓரத்தில் மயிரிழை விலகலும் இருந்தால் அது தேர்ந்த கையின் வேலை என்று கொள்ளலாம்.

திரை முழுவதையும் சிவப்பாக மட்டும் எரியவிட்டுப் பார்ப்பது அடுத்த சோதனை. திட்டுத் திட்டாக நிறம் மாறினால் உள்ளிருக்கும் உலோகத் தகடு காந்தமேறியிருக்கிறது என்று பொருள். பூமியின் காந்தப்புலமே இதற்குப் போதும். பெட்டியைத் தெற்கு நோக்கி இருந்ததிலிருந்து கிழக்கு நோக்கித் திருப்பி வைத்தாலும் நிறம் மாறிவிடும். பெரிய வளையம்போல் சுற்றிய கம்பிச் சுருளை மின்னேற்றித் திரைமுன் வட்டமாக ஆட்டி, மெல்லப் பின்வாங்கிக்கொண்டே போய்த்தான் அந்தக் காந்தத்தை அகற்றினார்கள். திருஷ்டி கழிப்பதைப் பார்ப்பதுபோலவே இருக்கும். இந்த வேலையைப் பெட்டியே தானாகச் செய்துகொள்ளும் வசதி அறுபதுகளின் நடுவில்தான் வந்தது.

பெட்டியின் முன்பக்கத்தில் ‘டிண்ட்’ அல்லது ‘ஹ்யூ’ என்றொரு குமிழ் இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் அதைத் திருகியவர்கள் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள். 1982 ஆகஸ்ட் 15-இல் இந்தியாவுக்குக் கலர் ஒளிபரப்பு வந்தபோது அது பால் என்ற ஐரோப்பிய முறையில் வந்தது. வரிக்கு வரி நிறக் குறிப்பைப் புரட்டி அனுப்புவதால் வழியில் நேரும் பிழையை அது தானே கழித்துக்கொள்ளும். 1953 டிசம்பர் 17-இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட என்.டி.எஸ்.சி. முறையில் அந்த வசதி இல்லை. சானல் மாற்றினால் முகம் பச்சையாகலாம், ஊதாவாகலாம். பார்க்கிறவர் எழுந்துபோய்க் குமிழைத் திருகி, மனிதத் தோலின் நிறம் கிடைக்கும்வரை தேட வேண்டும். மீட்டெடுத்த பெட்டியின் முன்னால் உட்காருகிறவர் இந்தக் குமிழைக் கட்டாயம் தானே திருகிப் பார்க்க வேண்டும். ஒரு முகம் பச்சையிலிருந்து மெல்ல மீண்டு மாநிறத்துக்கு வரும் அந்த அரை விநாடியில் கலர் டிவியின் இயக்கம் முழுவதும் கைக்குள் வந்துவிடும்.

நிறத்தின் ஆழம் இன்னொரு விஷயம். ஐம்பதுகளின் குழாய்களில் பூசிய சிவப்பும் பச்சையும், பின்னாளில் வந்தவற்றைவிட அடர்த்தியானவை. வெளிச்சம் போதவில்லை என்று பிற்காலத்தில் பூச்சுகளை மாற்றினார்கள். 1964 முதல் யூரோப்பியம் கலந்த சிவப்பு வந்தது. திரை பளிச்சென்று ஆனது, நிறங்களின் வீச்சு சுருங்கியது. சி.டி.-100-இல் மரகதப் பச்சை மரகதமாகவே தெரியும். இதற்குச் சுற்றமைப்பும் துணை நின்றது. என்.டி.எஸ்.சி. முறையில் ஆரஞ்சுக்கும் நீலப்பச்சைக்கும் இடைப்பட்ட நிறங்களுக்கு மட்டும் கூடுதல் நுணுக்கத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். மனிதத் தோலின் நிறங்கள் அந்த வரிசையில் இருப்பதும், அந்த நிறங்களில் கண் நுணுக்கத்தைக் கூடுதலாக அறிவதும் காரணம். அந்த நுணுக்கத்தை முழுதாக எடுத்துக்காட்டிய பெட்டிகளில் சி.டி.-100 ஒன்று. செலவைக் குறைக்கப் பின்வந்த பெட்டிகள் அதை விட்டுவிட்டன. முதல் முயற்சியே மிகச் சிறந்ததாக அமைந்தது டிவி வரலாற்றில் அபூர்வம்.

அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-இல் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. ஆகையால் இன்று சின்ன மாடுலேட்டர் ஒன்றை வைத்து, வீட்டுக்குள்ளேயே மூன்றாம் சானலை உண்டாக்கி இந்தப் பெட்டிக்கு ஊட்டுகிறார்கள். எதை ஓடவிடுவது என்பதிலும் ரசனை வேண்டும். இன்றைய படங்களின் கரும்பச்சை இருட்டு இந்தக் குழாய்க்கு ஒத்துவராது. ஆர்.சி.ஏ.-வுக்குச் சொந்தமான என்.பி.சி. 1959-இல் தொடக்கம் முதலே கலரில் எடுத்த ‘பொனான்சா’ தொடர், 1958 அக்டோபர் 17-இல் ஒளிபரப்பான பிரெட் அஸ்டேரின் நடன நிகழ்ச்சி போன்றவை இதற்கென்றே ஒளியமைத்தவை. அஸ்டேர் நிகழ்ச்சியின் ஒளிநாடாவை எண்பதுகளின் இறுதியில் மீட்டெடுத்த வேலைக்கு எம்மி விருது கிடைத்தது. அந்த நாடாவும் இந்தப் பெட்டியும் ஒரே காலத்துப் பிள்ளைகள். சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டும் முழுமையாகத் தெரியும்.

இனி, இறந்து கிடக்கும் பெட்டி. நிலவறைகளிலும் கார் கொட்டகைகளிலும் மூடிப்போன ரிப்பேர் கடைகளிலும்தான் இவை கிடைக்கின்றன. கண்டவுடன் பிளக்கைச் செருகிப் பார்ப்பவர் பெட்டியைக் கொல்கிறார். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் பல பத்தாண்டுகளில் ஈரம் குடித்துக் கசிய ஆரம்பித்திருக்கும். கரண்ட் பாய்ந்ததும் அவை தம்மோடு சேர்த்து நம்மூர் மெக்கானிக்குகள் ஈ.எச்.டி. என்று சொல்லும் உயர் அழுத்த டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். அதற்கு மாற்றுக் கிடைப்பது அரிது. பின்மூடியைக் கழற்றிப் படக்குழாயின் கழுத்தைப் பார்ப்பதே முதல் சோதனை. உள்ளே கண்ணாடியில் பளபளவென்று மின்னும் வெள்ளிப் பூச்சு இருந்தால் வெற்றிடம் நிலைத்திருக்கிறது. அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்தக் குழாய் முடிந்தது. 15-ஜி.பி.-22 குழாய்களின் தீராத நோய் இதுவே. உலோகமும் கண்ணாடியும் சேரும் விளிம்பில் அவை காலப்போக்கில் காற்று வாங்கிவிடுகின்றன.

பிற்கால ரவுண்டிகளுக்கு வேறொரு நோய். பாதுகாப்புக் கண்ணாடியைக் குழாய் முகத்தோடு ஒட்டிய பசை ஓரத்திலிருந்து கெட்டு, பூஞ்சை பிடித்ததுபோல் வெண்மை பரவும். இதற்குப் பெயரே கண்புரை. வைத்தியமும் கண்புரை அறுவைதான். குழாயை வெளியே எடுத்து, முகத்தை மேல்நோக்கி வைத்து, சூடு காட்டிப் பசையை இளக்குவார்கள். பிறகு மெல்லிய கம்பியை இரு கையிலும் பிடித்து, இரு கண்ணாடிகளுக்கும் நடுவே அங்குலம் அங்குலமாக அறுத்துக்கொண்டே போவார்கள். அவசரப்பட்டால் சூடு ஒரே இடத்தில் ஏறிக் கண்ணாடி விரியும். உள்ளே வெற்றிடம் இருப்பதால் விரிந்த குழாய் உள்நோக்கி வெடித்துச் சிதறும். முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் யாரும் இதில் இறங்குவதில்லை. பழைய பசையைச் சுரண்டிக் கழுவி, கண்ணாடியை மறுபடி பொருத்திய பிறகு திரை முதல் நாள்போல் தெளியும்.

கண்டென்சர்களை மாற்றியபின் பெட்டிக்கு உயிர் கொடுப்பதும் படிப்படியாகத்தான். எலக்ட்ரீஷியன்கள் எல்லோருக்கும் தெரிந்த சீரிஸ் லேம்ப் இங்கேயும் காவல் நிற்கிறது. பெட்டியோடு தொடராக இணைத்த அந்தக் குண்டு பல்பு பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று பொருள். எல்லாம் சரியானபின் திரையின் பின்னால் 25,000 வோல்ட் வரை ஏறும். அணைத்த பிறகும் அந்த மின்சாரம் குழாயில் நெடுநேரம் தங்கியிருக்கும். உயர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு எக்ஸ்-கதிரும் வீசக்கூடியது. அதைச் சூழ்ந்த உலோகக் கூண்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஓடவிடக் கூடாது. வால்வு ரேடியோவைப் பழுதுபார்த்த அனுபவம் மட்டும் இந்த வேலைக்குப் போதாது.

முடிந்த வேலையின் தரத்தைப் பெட்டியின் முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முன்பக்கத்துக்கு வார்னிஷ் பூசி மினுக்குவது எளிது. நல்ல கைகள் பழைய கண்டென்சரின் காகிதக் கூட்டைக் குடைந்து, புதியதை அதற்குள் வைத்து, மெழுகால் மூடி, பழைய இடத்திலேயே பற்றவைத்திருக்கும். கம்பிகள் ஆலையில் வளைத்த அதே வளைவில் இருக்கும். எதை மாற்றினோம் என்ற குறிப்புச் சீட்டு உள்ளே ஒட்டியிருக்கும். பழைய மரப்பெட்டிக்குள் எல்.சி.டி. திரையைப் பொருத்தி ஓட்டுவதும் சில இடங்களில் நடக்கிறது. அதை மீட்பு என்று சொல்ல முடியாது.

ஒஹையோ மாநிலம் ஹில்லியர்டில் உள்ள எர்லி டெலிவிஷன் அருங்காட்சியகத்தில் இத்தகைய பெட்டிகளை நேரில் பார்க்கலாம். அமெரிக்காவில் படக்குழாய்களைத் திறந்து புதுப்பித்துவந்த ஹாக்-ஐ என்ற நிறுவனம் தொழிலை மூடியபோது, அதன் இயந்திரங்கள் இந்த அருங்காட்சியகத்துக்கே வந்துசேர்ந்தன. வட்டக் கலர் குழாயைப் புதிதாகச் செய்யும் ஆலை இன்று உலகில் எங்கும் இல்லை. உயிரோடு இருக்கும் ஒவ்வொரு குழாயும் எரியும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் ஆயுளில் கழிகிறது. இத்தகைய பெட்டியை யாராவது ஓட்டிக் காட்டினால், அது ஓடும் சில நிமிடங்களும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.