பெண்கள் எழுத்தும் கூட்டுறவுப் பிரசுரமும்

ஒரு நூலின் தரத்தை ஆராயும் நம் விமர்சகர்கள், அது யாருடைய தீர்மானத்தினால் அச்சேறிற்று என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. பெண்களின் எழுத்தைப் பொறுத்தவரை அக்கேள்வியே முதற்கேள்வியாகும்.

1986ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டத்தினர், சித்திரலேகா மௌனகுருவைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு 'சொல்லாத சேதிகள்' என்னும் தொகுதியை வெளியிட்டனர். பத்துப் பெண்களின் 24 கவிதைகள் அதில் அடங்கின. யாவும் ஒரே தரத்தன என்று கூறமாட்டேன். சில கவிதைகள் பிரகடனத்தின் எல்லையைத் தாண்டவில்லை. ஆயினும் சங்கரி, ஊர்வசி, மைத்ரேயி முதலியோர் பெண்ணின் வாழ்வை ஆண் கவிஞரின் இரவல் குரலிலன்றி உள்ளிருந்தே பேசினர். தெரிவு செய்தோரும் பெண்களாக இருந்தமையாலன்றோ அது கைகூடிற்று! அத்தொகுதியில் இடம்பெற்ற சிவரமணி 1991 மே மாதத்தில் தம் கவிதைகளைத் தீயிட்டு, தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இன்று நாம் வாசிக்கும் அவர் கவிதைகள், முன்னரே அச்சேறியவையும் பிறர் கையில் இருந்தவையுமே.

அதே 1986இல் பிரித்தானியாவின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டில் 'ஹொன்னோ' என்னும் பெண்கள் பதிப்பகம் தோன்றிற்று. நிறுவியோரிடம் பெருமூலதனம் இருக்கவில்லை. கூட்டுறவு அமைப்பாகப் பதிவுசெய்து, ஆதரவாளர்களுக்குப் பங்குகளை விற்றனர். புதியவர்களை வெளியிட்டதோடு நில்லாது, மறக்கப்பட்ட முற்காலப் பெண் எழுத்தாளர்களின் நூல்களையும் தேடி மறுபதிப்புச் செய்தனர். அப்பணியே என் மனத்தை மிகவும் ஈர்க்கின்றது.

ஏனெனில், நம் ஈழத்தில் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்னும் நாவலை 1914இலேயே வெளியிட்டார். எங்கள் திருகோணமலை தந்த ந. பாலேஸ்வரியின் 'பூஜைக்கு வந்த மலர்' எழுபதுகளில் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. பத்திரிகை நிறுவனமொன்று விற்பனையை நோக்குவதிற் குற்றமில்லை. ஆனால் பிரதிகள் தீர்ந்தபின் அந்நூலுக்குப் பொறுப்பாளி யார்? கிளிவெட்டியில் என் மாணவியர் கையில் கொடுக்க ஒரு பிரதிக்கு நான் எங்கே போவது?

ஆய்வு வட்டத்தினர் சிலரது அர்ப்பணிப்பினால் செயற்பட்டனர். ஆனால் யுத்தமும் இடப்பெயர்வும் மனிதரைச் சிதறடிக்கும்போது, அர்ப்பணிப்பு மட்டும் நூலைக் காப்பதில்லை. அதற்கு நிலையான அமைப்பும் நிதியும் வேண்டும். கூட்டுறவு நமக்குப் புதிதன்று. கூப்பன் அரிசி வாங்கிய காலந்தொட்டு அறிந்ததே. (சங்கக் கடைகளின் ஊழலையும் அறிவோம், அதற்காக எவரும் அரிசி உண்பதை நிறுத்தவில்லை.) எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு என்னும் விதியில், பணம்படைத்தவரின் இரசனை நூல்களைத் தீர்மானிக்க இயலாது. கேரளத்துக் கோட்டயத்தில் எழுத்தாளர்கள் 1945இலேயே தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். நம் பெண்கள் அத்தகையதொன்றைத் தொடங்கி, பாலேஸ்வரியின் நாவலை முதலில் மறுபதிப்புச் செய்வதாயின், பங்குப் பணத்தோடு நானும் வருவேன்.