பரதேசியில் வரும் மருத்துவர்

சூளகிரிப் பக்கத்தில் செங்கல் சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி முதலில் கொடுப்பது முன்பணம். வீட்டில் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ இருக்கும். வாங்கியவர் பெண்டு பிள்ளைகளோடு வண்டி ஏறிவிடுவார். கொத்தடிமை முறையை 1976-இலேயே சட்டம் ஒழித்துவிட்டது என்பது வேறு விஷயம். இங்கே உட்கார்ந்து பாலாவின் ‘பரதேசி’யை மறுபடி பார்த்தபோது, தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி, சாலூர் என்ற கிராமத்துச் சனங்களிடம் ஆசை காட்டும் காட்சி பழைய கதையாகத் தோன்றவில்லை.

2013-இல் வந்த படம். கதை தொடங்குவது 1939-இல். முன்பணம், கூலியில் பிடித்தம், தப்ப முயன்றவனின் குதிகால் நரம்பை அறுப்பது என்று தேயிலைத் தோட்டத்தின் கணக்கைத் தமிழ் சினிமா இவ்வளவு நிதானமாக அதற்குமுன் காட்டியதில்லை. செழியனின் ஒளிப்பதிவில் அந்தப் பச்சை மலையே சிறைச்சுவராகிறது. இதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை.

மதம் உள்ளே வரும்போதுதான் படம் தடுமாறுகிறது. கொள்ளைநோயில் சனங்கள் செத்து விழும்போது பரிசுத்தம் என்ற மருத்துவர் வெள்ளைக்கார மனைவியோடு வருகிறார். மருந்தோடு மதமும் வருகிறது. கூடவே ஒரு ஆட்டமும் பாட்டும். அதுவரை சாவைக் கண்ணெடுக்காமல் பார்த்த கேமரா திடீரென்று கேலிக்கூத்துக்கு மாறிவிடுகிறது.

பாலா பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். உடம்பின் நோயைத் தீர்க்க வந்தவர் கடன்சீட்டைத் தொடவே இல்லை. ஆறுதல் கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை என்று காட்ட பாலா நினைத்திருக்கலாம். கூர்மையான கேள்விதான். ஆனால் அதைக் கேட்க எதிரில் ஒரு மனிதர் வேண்டும். பரிசுத்தம் கோமாளியாக்கப்பட்டதால் கேள்வியும் கேலியோடு போய்விடுகிறது.

இந்தப் படத்துக்கு மூலமான ‘ரெட் டீ’ நாவலை 1969-இல் வெளியிட்ட பி.எச். டேனியல் ஒரு கிறிஸ்தவ மருத்துவர். 1940-களில் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்; வைத்தியத்தோடு நிற்காமல் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். எவருடைய சாட்சியத்தை நம்பிப் படம் எடுக்கப்பட்டதோ, அவரைப் போன்ற ஒருவரையே படம் பரிகாசம் செய்கிறது. நாவலிலிருந்து விலக இயக்குநருக்கு உரிமை உண்டு. விலகி வந்து சேர்ந்த இடம் இதுதானா என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

அதே 2013-இல், அமெரிக்க அடிமைமுறையைப் பற்றி ஸ்டீவ் மெக்வீன் இயக்கிய ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ வந்தது. அதில் பண்ணை முதலாளி எப்ஸ், வேதாகமத்தை வாசித்துக் காட்டியே அடிமைகளைச் சவுக்குக்குப் பழக்குகிறான். அந்த வேதத்திலிருந்து பிறந்த பாட்டை அடிமைகள் ஒரு புதைகுழியருகே பாடுகிறார்கள். முதலில் வாய் திறக்காமல் நிற்கும் கதாநாயகன் சாலமன் மெல்ல மெல்லப் பாட்டில் சேர்கிறான். ஒரே நூல் சவுக்காகவும் ஊன்றுகோலாகவும் இருக்கிறது. அடிமைகளின் பக்தி அவர்களுடையது என்பதை அந்தப் படம் மறக்கவில்லை. ‘பரதேசி’யிலோ மதம் வெளியிலிருந்து வந்து விழுவது; சனங்கள் அதை வாங்கிக்கொள்பவர்கள் மட்டுமே. மலையேறிய தமிழர்கள் வெறுங்கையோடு ஏறியவர்கள் அல்லர். அப்படித் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் குடியேறிய இலங்கை மலையகத்தில் மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாழ்வோடு கலந்து இன்றும் நடக்கின்றன.

பாலாவுக்கு ஆன்மிகம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. கடைசியில் கதாநாயகன் ராசா பாறைமேல் உட்கார்ந்து கதறும்போது எந்தச் சாமியும் பதில் சொல்வதில்லை. அவன் காதலி அங்கம்மா பிள்ளையோடு அதே நரகத்துக்குள் வந்து நிற்கிறாள். கடவுளைப் பற்றி அந்தப் படம் சொன்ன உண்மையான சொல் அந்த மௌனம்தான். அதற்கு ஆட்டமும் வேண்டியிருக்கவில்லை, பாட்டும் வேண்டியிருக்கவில்லை.

அடிமைத்தனத்தின் பொருளாதாரத்தைச் சொன்ன வகையில் ‘பரதேசி’ தமிழின் முக்கியமான படம். அடிமைகளின் நம்பிக்கையைச் சொன்ன வகையில் அது அவசரப்பட்ட, நியாயமற்ற படம். இரண்டாவது குறை முதல் சிறப்பை அழித்துவிடாது; ஆனால் தள்ளுபடி செய்யும் அளவுக்குச் சிறியதும் அல்ல. படத்தைப் பார்த்தவர்கள் ‘ரெட் டீ’யை இரா. முருகவேள் தமிழில் மொழிபெயர்த்த ‘எரியும் பனிக்காடு’ நாவலையும் படித்துவிடுங்கள்.