குரலற்றவர் என்ற சொல்

மாலை ஆறரை மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்றிருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. அறிவிப்பு, ஹாரன், சுண்டல் விற்பவர் என்று எல்லாம் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒரு நடைமேடையில் இருவரும் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் எதிர் நடைமேடையில் ஒருவருமாகச் சாவகாசமாய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். கைகளால். என்ன பேசினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த இடத்தில் ஊமையாகிப் போனவன் நான்தான். பாருங்கள், இதை எழுதும்போதே 'ஊமை' தானாக வந்து விழுகிறது.

அதற்குப் பிறகுதான் குரோம்பேட்டையில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமைதோறும் நடந்த சைகைமொழி வகுப்புக்குப் போனேன். கற்றுத்தந்தவர் காது கேளாதவர். பல்லாவரத்தில் தையல் வேலை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் நாளே தகராறு. 'நீங்கள்' என்று சொல்ல அவர் மார்பை நோக்கி விரல் நீட்ட வேண்டும். பெரியவர்களைப் பார்த்து விரல் நீட்டினால் எங்கள் வீட்டில் அடி விழும். என் விரல் பாதியில் மடங்கியது. அவர் சிரித்துவிட்டு, அதைப் பிடித்து நிமிர்த்தித் தன் பக்கம் திருப்பினார்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். மொழிக்கு முதற்காரணமான ஒலியே எழுத்து என்ற நன்னூல் வரையறையிலிருந்து மொழியைத் தொடங்கியவன். சைகை என்றால் இலக்கணமில்லாத அபிநயம், சைகை தெரியாத ஆளும் ஊகித்துவிடலாம் என்று சும்மா நம்பிக்கொண்டிருந்தேன். 'கொடு' என்ற வினையில் அது உடைந்தது. இந்தியச் சைகைமொழியில் அந்த வினைக்குத் திசை உண்டு. கை என்னிடமிருந்து உங்களிடம் போனால் நான் கொடுக்கிறேன். உங்களிடமிருந்து என்னிடம் வந்தால் நீங்கள் தருகிறீர்கள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தரவும் வரவும் தன்மை முன்னிலைக்கு, செலவும் கொடையும் படர்க்கைக்கு என்று பிரித்ததைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன் நான். இரண்டும் ஒரே விதி என்று சொல்லவில்லை. ஆனால் யாரிடமிருந்து யாருக்கு என்பதை வினையே சுமக்கும் என்பதை என் கண்முன்னால் ஒரு தையற்காரர் காற்றில் வரைந்து காட்டினார். வினாச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், மறுப்பு வினைக்குப் பின்னால் வரும், புருவம் உயர்ந்தால் ஆம்-இல்லைக் கேள்வி. முகத்தை அசைக்காமல் கையை மட்டும் ஆட்டிய என்னைப் பார்த்து வகுப்பே சிரித்தது. நான் முணுமுணுப்பவன் மாதிரி தெரிந்தேனாம்.

இது மொழிதான் என்று காது கேட்பவர்களின் கல்வியுலகம் ஒத்துக்கொள்ளத் தாமதமானதற்கு ஒரு அரசியல் உண்டு. 1880இல் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது, பள்ளிகளில் அதுவே வேண்டும் என்று தீர்மானித்தது. முடிவெடுத்த பிரதிநிதிகளில் அநேகமாக எல்லோரும் காது கேட்பவர்கள். 1960இல் ஸ்டோக்கோ என்ற அமெரிக்கர் சைகைக்கும் ஒலியன்களைப் போன்ற உள்ளமைப்பு உண்டு என்று காட்டினார். மிலான் தீர்மானத்துக்கு அதே மாநாட்டு அமைப்பு வருத்தம் தெரிவித்தது 2010இல், 130 வருஷம் கழித்து. இடையில் எத்தனையோ பிள்ளைகள் உதட்டைப் பார்த்துப் படித்தார்கள். 'பாடு', 'மாடு' இரண்டையும் குரலில்லாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். எந்தப் பிள்ளை எதைப் படிக்கும்?

நம் சிற்றேடுகளின் கதைக்கு வருகிறேன். தெரிதா 1967இல் எழுதியதைத் தொண்ணூறுகளில் நாம் தமிழாக்கி, ஒலிமையவாதம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். பேச்சை எழுத்துக்கு மேலே வைப்பதில் என்ன அதிகாரம் இயங்குகிறது என்று கட்டுடைத்தோம். பேச்சே இல்லாத மொழியில் வாழும் மனிதர்கள் நம்மோடு அதே மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். நாம் பார்க்கவில்லை. (நானும் பின்னால் வந்து படித்துச் சேர்ந்துகொண்டவன்தான்.) வெகுசனப் பிரதியும் வேறு மாதிரி இல்லை. 'மொழி' (2007) படத்தில் காது கேளாத நாயகியாக நடித்தவர் காது கேட்கும் ஜோதிகா. அவருடைய சைகை, தோழியின் குரல் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. இரண்டு வருஷம் கழித்து 'நாடோடிகள்' படத்தில் பேசும் பெண்ணாக நடித்த அபிநயா காது கேளாதவர்; அவருக்குக் குரல் வேறொருவருடையது. முதலதைக் கரிசனம் என்றார்கள், இரண்டாவதைச் சாதனை என்றார்கள். இரண்டிலும் குரல்தான் நுழைவுச்சீட்டு என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 'மொழி' என்ற தலைப்பு மட்டும் ரொம்பச் சரி.

போன மாதம் நண்பர்கள் சிலர் ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு முன்னுரை கேட்டார்கள். தலைப்பு 'குரலற்றவர்களின் குரல்'. நம் துண்டறிக்கைகளில் எத்தனை முறை அச்சான தொடர்! இதைச் சைகையில் எப்படிச் சொல்வது என்று ஆசிரியரிடம் கேட்டேன். நான் காட்டியதைப் பார்த்துவிட்டு அவர் தன்னைச் சுட்டினார்: குரல், இல்லை. மறுபடியும் தன்னைச் சுட்டினார்: மொழி, இருக்கிறது. பிறகு என்னைச் சுட்டிப் புருவத்தைச் சுருக்கினார்: குரல் உன்னுடையது, என் பேச்சு எங்கே? பதில் சொல்ல எனக்குச் சைகை போதவில்லை. தமிழிலும் போதவில்லை.

உருவகம்தானே, இதற்குப் போய் இவ்வளவா என்று தோழர்கள் கேட்கலாம். கேட்டார்கள். சாதி இழிவு பொதிந்த வசவுகளை 'பேச்சு வழக்குதானே' என்று சொன்னவர்களை நாம் விட்டுவைத்தோமா? 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று அரசாங்கத்தைத் திட்டும்போது, கேட்க மறுப்பவனின் குற்றத்தைக் கேட்காதவர் தலையில் வைக்கிறோம். ஒடுக்கப்பட்டவர்களிடம் மொழி இல்லாமல் இல்லை. அதைப் படிக்க நாம் மெனக்கெடவில்லை. 'குரலற்றவர்' என்று சொன்னதும் நம்முடைய சோம்பல் அவர்களுடைய குறையாக மாறிவிடுகிறது.

நான் அவர்களில் ஒருவனாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் வேகமாகப் பேசும்போது பாதிகூடப் பிடிபடுவதில்லை. யாராவது எனக்காக நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல் திரும்பச் சொல்கிறார்கள். அது அவமானமாகத்தான் இருக்கிறது. இரண்டு மாதம் ஆனபிறகு எனக்கு ஒரு சைகைப் பெயர் வைத்தார்கள். அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது. தோளிலிருந்து இடுப்புவரை கையைக் குறுக்கே இழுத்தால் அது நான். ஜோல்னாப் பைக்காரன். எம்.ஏ.வும் விமர்சனமும் அதில் இல்லை.

அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. தொகுப்புக்கு வேறு தலைப்பு வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். நண்பர்கள் இன்னும் பதில் போடவில்லை.